மஞ்சள் ஓடுகளின் மேல் சக்கரம்

மலேசியாவில் மின்ஸ்கூட்டர்களைச் சாலையில் ஓட்ட 2021 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. நடைபாதையிலாவது பிள்ளைகள் ஓட்டிக்கொள்ளட்டுமே என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் ஒரு மாலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு வந்து பார்க்கட்டும். பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகளின் மேல்தான் பையன்கள் பறக்கிறார்கள். போன வாரம் டிஷ்யூ விற்கும் பெரியவர் ஒருவரின் வெள்ளைக் கோலைச் சக்கரம் தட்டிவிட்டது. அவர் குந்தி உட்கார்ந்து தரையைக் கையால் துழாவினார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேட்போர்டாவது கடகடவென்று சத்தம் போட்டு வரும், ஒதுங்கிக்கொள்ளலாம். மின்ஸ்கூட்டர் பக்கத்தில் வந்த பிறகுதான் காதுக்கே எட்டுகிறது. பூங்காவில் ஓட்டட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். இந்த ஓடுகளின் மேல் மட்டும் வேண்டாம்.