திருநள்ளாறு மேலே செயற்கைக்கோள் நிற்பதில்லை

'திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 நொடி ஸ்தம்பித்துவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகளே வியந்தார்கள்' என்ற செய்தி மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பல வருடமாக வரும் பழைய வதந்திதான். நாசா இப்படி எதையும் அறிவிக்கவில்லை.

சரி, நாசாவை விடுங்கள். கொஞ்சம் யோசித்தாலே இது நிற்காது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றுவிட்டால் விழ ஆரம்பிக்கும். மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க இன்னொரு ராக்கெட்டே வேண்டும். போதாததற்கு, 3 நொடி தாமதம் என்றால் கணக்கிட்ட இடத்திலிருந்து சுமார் 23 கி.மீ. பின்தங்கியிருக்கும். உலகெங்கும் அதைக் கண்காணிக்கிறவர்களின் கணக்கு அன்றே தப்பியிருக்கும்.

காரைக்கால்காரர்கள் மொட்டை மாடியிலிருந்தே சோதிக்கலாம். நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' சேவை, விண்வெளி நிலையம் உங்கள் ஊரில் எப்போது, எந்தத் திசையில் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லும். வெறுங்கண்ணே போதும். அறிவியலை நம்புகிறோம் என்றால் இதனால்தான்: சொன்னதை நாமே சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டில் செயற்கைக்கோளின் பெயர்கூட இல்லை, தேதியும் இல்லை.

கோயிலுக்குப் போவது அவரவர் நம்பிக்கை, அதில் யாருக்கும் வழக்கில்லை. இந்தச் செய்தியை மட்டும் இனி அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடம் 'எந்தச் செயற்கைக்கோள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள்.