எட்டு மாதமாகப் பாலிதீன் சுற்றி நிற்கும் சார்ஜர்

உளுந்தூர்பேட்டை தாண்டி, திருச்சி சாலையில் ஒரு பங்க் வாசலில் மின்சார கார்களுக்கான 60 கிலோவாட் சார்ஜரை நட்டு வைத்து எட்டு மாதம் ஆகிறது. தரையில் பச்சைப் பெயின்ட், மேலே கூரை, போர்டு எல்லாம் வந்துவிட்டது. கரண்ட் மட்டும் வரவில்லை. பொங்கலுக்குப் போகும்போது சார்ஜிங் ஆப்பில் "விரைவில்" என்று இருந்தது. ஆவணி பிறந்தும் அதே "விரைவில்"தான்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? என் கார் பேட்டரி 30 யூனிட். ஹைவேயில் ஏசி போட்டு ஓட்டினால் 200 கிலோமீட்டர் வந்தாலே பெரிய விஷயம். தாம்பரத்திலிருந்து அந்த பங்க் சுமார் 175. அங்கே ஒரு மணி நேரம் நின்று 80 சதவீதம் ஏற்றினால் திருச்சி வீட்டு வாசலில் போய் இறங்கிவிடலாம். அது திறக்காததால் விழுப்புரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து திருச்சிக்கு 80 போதாது, முழுசாக ஏற்ற வேண்டும். 80-க்கு மேல் பேட்டரி கெடாமல் இருக்க சார்ஜ் ஏறும் வேகத்தை வண்டியே குறைத்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் ஏறக்குறைய இன்னொரு மணி நேரம். பின்னால் காத்திருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாது.

போன மாதம் அப்பாவைச் சென்னையில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினோம். விழுப்புரத்தில் காரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் இரண்டு கன்னில் ஒன்று பழுது. எங்களுக்கு முன்னால் இரண்டு கார். அப்பாவுக்கு 74 வயது, சுகர் வேறு. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். பக்கத்துக் கடையில் சர்க்கரை போடாத டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். "பழைய வண்டியையே வச்சிருக்கலாம்டா" என்றார். என்ன பதில் சொல்வது? வீடு சேரும்போது மணி இரண்டரை.

ஒவ்வொரு முறையும் அந்த பங்கில் ஓரங்கட்டி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். பாலிதீன் கிழிந்து தொங்குகிறது. திரை முழுக்கப் புழுதி. கன் மாட்டும் இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பங்க் பையனைக் கேட்டால், முதலில் "டிரான்ஸ்பார்மர் வரல சார்" என்றான். அடுத்த முறை "மீட்டர் வரல" என்றான். சரி, அதுவாவது வேலை. போன வாரம் சொன்னான்: "எல்லாம் முடிஞ்சிருச்சு சார், திறப்பு விழாவுக்குப் பெரிய ஆள் யாரோ தேதி கொடுக்கணுமாம்."

அங்கேயே எனக்கு வயிறு எரிந்தது. மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் என்று 2024-ல் அறிவித்தார்கள். தூத்துக்குடியில் மின்சார கார் தொழிற்சாலையே வந்துவிட்டது. வண்டி வாங்கு, வாங்கு என்கிறீர்கள், வாங்கிவிட்டோம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு காசு கொடுத்துத்தான் சார்ஜ் போடுகிறோம், யாரும் இனாமாகக் கேட்கவில்லை. ஒரு மனிதர் வந்து கத்தரிக்கோல் பிடிப்பதற்காக, ஓடத் தயாராக இருக்கிற மெஷினைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

மாலை, ரிப்பன், போட்டோ எல்லாம் அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலிதீனைப் பிரித்து ஸ்விட்சைப் போடுங்கள். வெள்ளிக்கிழமை அப்பாவை மறுபடியும் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டும்.