ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் எத்தனை நொடி?

ட்ரெய்லர் வரும் நேரத்தை அறிவித்த நிமிடத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் எல்லா ரசிகர்களுக்கும் இந்தப் பதிவு. வரப்போவது காதல் படம் என்றால் அந்தப் படபடப்பே தனி. அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் நாள்கணக்கில் காத்திருந்து கையில் கிடைத்ததை ஒரே மூச்சில் விழுங்கி, "செம", "வேற லெவல்" என்று எழுதி, நாலு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது தெரியுமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம். 2 நிமிடம் 20 நொடி ட்ரெய்லர் என்றால் 140 நொடி, மொத்தம் 3,360 ஃப்ரேம். காதல் படமே ஆனாலும் அதற்குள் எண்பது, நூறு ஷாட் வரை அடைத்திருப்பார்கள். நூறு என்றால் ஒரு ஷாட்டுக்கு 1.4 நொடி. ஒருத்தர் இன்னொருத்தரை நிமிர்ந்து பார்த்து, கண்ணை விலக்கி, மனசு கேட்காமல் மறுபடி பார்ப்பதற்கே மூன்று நொடி வேண்டும். ஆக, காதலுக்கு வேண்டிய நேரமும் ட்ரெய்லருக்கு வேண்டிய வேகமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. எந்த ஷாட்டைச் சுருக்குவது, எதைச் சுருக்காமல் விடுவது என்று எடிட்டர் எடுக்கும் முடிவில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது.

அதனால் வேறு எதைக் கவனிக்காவிட்டாலும் ஒன்றை மட்டும் எண்ணுங்கள். அந்த ஜோடி ஒரே ஃப்ரேமுக்குள், நடுவில் கட் இல்லாமல், மூன்று நொடிக்கு மேல் இருக்கும் ஷாட் எத்தனை? டூ-ஷாட் என்பார்களே, அதுதான்.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இரண்டு பேரையும் தனித்தனி க்ளோஸ்-அப்பில் வைத்துக் காதலை எடிட்டிங் மேசையிலேயே செய்துவிட முடியும். சுமார் நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து காட்டிய வித்தை இது. இவான் மோஸுகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடு சேர்த்தார், சவப்பெட்டியோடு சேர்த்தார், ஒரு பெண்ணோடு சேர்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பார்த்தவர்களோ பசி, துக்கம், ஆசை என்று மூன்று உணர்ச்சிகளைப் படித்தார்கள். ட்ரெய்லர் வெட்டுகிறவர்களின் அன்றாட வேலையே இதுதான். ஜன்னலோரம் நின்று அவள் சிரிக்கிறாள். படத்தில் அது தோழி சொன்னதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பாக இருக்கலாம். அடுத்த ஷாட்டில் அவன் திரும்பிப் பார்க்கிறான்; அது இரண்டு மாதம் கழித்து வேறு இடத்தில் எடுத்ததாக இருக்கலாம். இரண்டையும் ஒட்டினால் நமக்கு "முதல் பார்வை".

ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அவள் கன்னத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அவன் முகத்தில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள். தாடியின் அளவு, காதில் கிடக்கும் தோடு, கைக்கடிகாரம், மங்கலாகத் தெரியும் பின்னணியின் நிறம், இவை பொய் சொல்லாது. எனக்குப் பிடித்த சோதனை பார்வையின் உயரம். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், அடுத்த ஷாட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவள் பார்த்தது பெரும்பாலும் அவனை இல்லை.

டூ-ஷாட்டில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. அங்கே கெமிஸ்ட்ரி இருந்தால் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும். அப்படி ஒரு ஷாட் வரும்போது பேசுகிறவரைப் பார்க்காதீர்கள், கேட்கிறவரைப் பாருங்கள். பேசுகிறவருக்கு வசனம் துணை நிற்கிறது. கேட்கிறவருக்கு ஒன்றுமே இல்லை. தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கும் நடிகரின் கண் அசையாமல் நிற்கும், உதடு கொஞ்சம் முந்திக்கொண்டு திறக்கும். நிஜமாகவே கேட்கிற நடிகரின் பார்வை எதிராளியின் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போகும், உதட்டுக்கு இறங்கும், மறுபடி மேலே வரும். ஒரு வார்த்தை தைத்த இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும், தோள்பட்டையில் அது தெரியும். இதைப் பார்த்துவிட்டால் போதும், நம்பி டிக்கெட் எடுக்கலாம். மூன்று நல்ல டூ-ஷாட் இருக்கும் ட்ரெய்லர் என்னைப் பொறுத்தவரை பெரிய வரம்.

ஒன்றுகூட இல்லையென்றால் உடனே படம் தேறாது என்று எழுதிவிடாதீர்கள். பிரிந்திருப்பதே கதை என்றால், அவர்களைச் சேர்த்துக் காட்டாமல் வைத்திருப்பது இயக்குநரின் திட்டமாக இருக்கலாம். அப்படியானால் குரல்களாவது சேர்ந்திருக்கும். இவள் முகத்தின் மேல் அவன் குரல் ஓடும், அவன் முகத்தின் மேல் இவள் குரல் ஓடும். முகமும் சேரவில்லை, குரலும் சேரவில்லை, மாற்றி மாற்றித் தனி க்ளோஸ்-அப்பும் மேலே ஒரு பாட்டும் மட்டும்தான் என்றால், அப்போது கவலைப்படலாம்.

தனி ஷாட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அவன் முகம் க்ளோஸ்-அப்பில் இருக்கும்போது ஃப்ரேமின் ஓரத்தில் அவள் தோளோ கூந்தலோ மங்கலாகத் தெரிகிறதா, இல்லை அவன் மட்டும்தானா? முன்னதை ஓவர்-ஷோல்டர் என்பார்கள். தோள் தெரியும்வரை இருவரும் ஒருவர் இடத்துக்குள் ஒருவர் இருக்கிறார்கள் என்று கேமரா சொல்கிறது. விவரமான ஒளிப்பதிவாளர்கள் கதையில் விரிசல் விழும் இடத்தில் அந்தத் தோளை எடுத்துவிடுவார்கள். அதே மேசை, அதே இருவர், ஆனால் இப்போது ஒவ்வொருவரும் தனி ஃப்ரேமில். வசனமே இல்லாமல் பிரிவு புரிந்துவிடும். ட்ரெய்லரின் முதல் பாதியில் தோள் தெரிந்து பின்பாதியில் காணாமல் போனால், அந்தப் படத்தை யோசித்து எடுத்திருக்கிறார்கள் என்று துணிந்து சொல்வேன். முகத்தைத் தெளிவாக்கிப் பின்னணியை மங்கலாக்கும் 85 மி.மீ. லென்ஸ், பின்னணியில் உருகும் விளக்குகள் எல்லாம் அழகுதான். ஆனால் இன்று அது எல்லோருக்கும் கிடைக்கிற அழகு. அதற்காக மட்டும் ஆரவாரம் வேண்டாம்.

இனி சத்தம். காதல் பட ட்ரெய்லரில் பாதி வேலையைக் காதுதான் செய்கிறது, நாமோ அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்கிறோம்.

உதடு தெரியாத நேரத்தில் ஒலிக்கும் வசனத்தை எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். "நீ இல்லாம" என்பது ஒரு காட்சியிலிருந்தும் "என்னால முடியல" என்பது இன்னொரு காட்சியிலிருந்தும் வந்திருக்கலாம். ஹெட்போனில் கேட்டால் தையல் தெரியும். வசனத்தின் முதல் பாதியில் அறையின் எதிரொலி லேசாக இருக்கும், இரண்டாம் பாதியில் இருக்காது. அல்லது நடுவில் வர வேண்டிய மூச்சு வராது. இசை அந்த இடத்தில் திடீரென்று எழும்பினால் தையலை மூடத்தான் எழும்பியிருக்க வாய்ப்பு அதிகம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரத்தை இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவர இது தேவைதான். அந்த வசனத்தை வைத்து "கதை இதுதான்" என்று நாம் முடிவுகட்டக் கூடாது, அவ்வளவே.

பிஜிஎம், அதாவது பின்னணி இசை பற்றியும் ஒன்று. ட்ரெய்லரில் கேட்ட இசை படத்தில் இல்லை என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. ட்ரெய்லர் வெட்டும்போது படத்தின் பின்னணி இசை பல நேரம் முடிந்திருக்காது. ட்ரெய்லருக்கென்றே தனியாக இசையமைப்பதும், தனியாக உரிமை வாங்கிப் போடுவதும் வழக்கம். நிறமும் அப்படித்தான், கலர் கிரேடிங் என்ற நிறத்தைச் சீராக்கும் வேலை இறுதியாகாத ஷாட்கள் கலந்திருக்கும். ட்ரெய்லரில் மனசைப் பறித்த ஒரு ஷாட் படத்திலேயே இல்லாமல் போவதற்கும் இதுதான் காரணம்: படத்தின் எடிட்டிங் முடிவதற்குள் ட்ரெய்லர் வெளியே வந்துவிடுகிறது, பிறகு அந்தக் காட்சி நீளம் கருதி வெட்டுப்படுகிறது.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதல் தடவை ஹெட்போன் மாட்டி, விளக்கைக் குறைத்து, எங்கும் நிறுத்தாமல் பாருங்கள். வீடியோவின் தரம் தானியங்கியில் இருந்தால் கையால் 1080க்கோ அதற்கு மேலோ மாற்றுங்கள். குறைந்த தரத்தில் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். காதல் படத்தில் முக்கியமான முகபாவங்கள் பெரும்பாலும் அந்த அரையிருட்டில்தான் இருக்கும். இரண்டாவது தடவை சத்தத்தை முழுவதும் அணைத்துவிடுங்கள். பாட்டு இல்லாமல் அந்த ஜோடி உங்களைப் பிடித்து நிறுத்துகிறதா என்று தெரிந்துவிடும். பல ட்ரெய்லர்கள் இந்தச் சோதனையில் அப்படியே சரிந்துவிடும், ஏனென்றால் நாம் உருகியது பாட்டுக்கு. மூன்றாவது தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். இசை எங்கே சட்டென்று நிற்கிறது? அந்த ஒன்றிரண்டு நொடி அமைதிக்குப் பிறகு வரும் வசனம்தான் படக்குழு நம் காதில் போட விரும்பிய வசனம். நாலாவது தடவை வேண்டுமென்றால் கணினியில் பாருங்கள். யூடியூபில் நிறுத்திவிட்டு காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் பின்னால் போகும், முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னால் போகும். இரண்டு மூன்று ஷாட்டுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். 3,360 ஃப்ரேமையும் தோண்டினால் தியேட்டரில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ட்ரெய்லர் வெட்டுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? காதல் படத்தில் இருவரும் சேர்வார்களா என்பதைவிட, நடுவில் நிற்பது என்ன என்பதுதான் கேள்வி. ட்ரெய்லரின் பாதி தூரத்துக்குள், சரியாகச் சொன்னால் எழுபதாவது நொடி வாக்கில், அந்தத் தடை கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக வந்துவிட வேண்டும். ஒரு வேலை உத்தரவு, ஒரு மருத்துவ அறிக்கை, வாசலில் நிற்கும் மூன்றாவது ஆள், எடுக்கப்படாத ஒரு போன். அது வராவிட்டால் பின்பாதி முழுக்க அழுகையும் ஓட்டமும் இருந்தும் யார் எதற்காக அழுகிறார்கள் என்று புரியாது. மழை, பைக், தலையணைச் சண்டை, ரயில் நிலையம் என்று எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஷாட்களை அடுக்குகிற ட்ரெய்லர்கள் விழுவது இந்தக் குழியில்தான்.

இதற்கு நேர்மாறான தப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. சந்தித்தார்கள், பிரிந்தார்கள், கடைசியில் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள் என்று முழுப் படத்தையும் காட்டிவிடுவார்கள். "ரசிகருக்குப் புரியாமல் போய்விடுமோ" என்ற பயத்தில் விளம்பரக் குழு கேட்கும், எடிட்டர் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அரை நொடி, வெறும் 12 ஃப்ரேம்தான், ஆனால் அதுவே முடிவைச் சொல்லிவிடும். கண் சிமிட்டினால் அது நம் கண்ணில் படாமல் தப்பலாம். ஆனால் எவராவது அதை நிறுத்திப் படமெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரசிகர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஃப்ரேமைப் பகிராதீர்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தைப் படம் வரும்வரை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் முதல் அதிர்ச்சியை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர் சங்கம் ட்ரெய்லர்கள் 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கே இரண்டரை நிமிடம்தான் வழக்கம். அதிகம் சொல்லிவிடுகிறார்கள் என்ற பார்வையாளர் புகாரும் அதற்கு ஒரு காரணம். காதல் படத்துக்கு 2 நிமிடம் தாராளம் என்பது என் திடமான கருத்து. இணையத்தில் தடுக்க ஆளில்லை என்பதால் மூன்று நிமிடம் வரை இழுக்கிறார்கள், அந்தக் கூடுதல் நிமிடத்தில்தான் கடைசிக் கட்டிப்பிடித்தல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

24 மணி நேரத்தில் எத்தனை பார்வை என்ற போட்டியைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. விளம்பரமாக ஓடியதும் அந்த எண்ணிக்கையில் சேரலாம். அதை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் இன்னொரு முறை சத்தத்தை அணைத்துப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று பாக்கி. படத்தின் பெயர் திரையில் வந்ததும் பாதிப் பேர் வீடியோவை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். பெயருக்கும் வெளியீட்டுத் தேதிக்கும் பிறகு நாலைந்து நொடிக்கு ஒரு துண்டு வைப்பது ட்ரெய்லர் வெட்டுகிறவர்களின் பழக்கம். மற்ற வகைப் படங்களில் அங்கே ஒரு பஞ்ச் வசனம் வரும். காதல் படத்தில், நல்ல எடிட்டர் என்றால், அங்கேதான் அந்த நீளமான டூ-ஷாட்டை ஒளித்து வைத்திருப்பார். இசை நின்றுபோயிருக்கும், வசனம் இருக்காது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துவாள், அவன் "என்ன?" என்று தலையை மட்டும் அசைப்பான். அவள் மூச்சு விடுவது கேட்கும். அதற்கும் ஹெட்போன் வேண்டும்.