மேசையில் ஏழு கத்தி, படத்தில் ஆறு

ஞாயிற்றுக்கிழமை நம் கத்திப் பிரியர்கள் கூடியபோது, ஆளுக்கொரு கத்தியை மேசையில் வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பெரும்பாலானோர் பார்த்துவிட்டீர்கள். மேசையில் ஏழு கத்திகள் இருந்தன. படத்தில் ஆறுதான் இருக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு மரப்பிடியின் வால் மட்டும் அரை விரல் அளவுக்குத் தெரிகிறதே, அதுதான் என்னுடையது. படத்தை வெட்டியவருக்குக் கை கொஞ்சம் தவறிவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை அண்ணா, அடுத்த முறை சுத்தமாக வெட்டிவிடுங்கள்.

அன்று நடந்தது ஒன்றும் பெரிய சண்டையில்லை. படத்தை வெட்டிய அதே அண்ணன்தான் என் கத்தியைக் காட்டி, "என்ன ஸ்டீல்?" என்று கேட்டார். கார்பன் ஸ்டீல் என்றேன். கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல், "துருப்பிடித்திருக்கிறதே, பழம் நறுக்கவா?" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மற்றவர்கள் சிரித்ததைவிட அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

முதலில் அது துரு இல்லை. கார்பன் உருக்கு மாங்காயையும் எலுமிச்சையையும் வெட்ட வெட்ட நீலமும் சாம்பலும் கலந்த ஒரு படலம் ஏறும். சிவப்பாக அரிப்பது துரு. இது அந்தத் துருவை ஓரளவு தடுக்கும் மேல்பூச்சு. என் கத்தியில் இருப்பது மூன்று கோடைகாலத்து மாங்காய். ஆமாம், பழம் நறுக்கத்தான். கத்தியை வேறு எதற்கு வைத்திருப்பார்கள்?

அது ஓப்பினெல் என்ற மடக்குக் கத்தி, எட்டாம் எண். 1890 முதல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் செய்துவருகிறார்கள். வாய், அதாவது வெட்டும் அலகு, எட்டரை சென்டிமீட்டர், பீச் மரப்பிடி, வாயைப் பூட்டத் திருகும் ஒரு வளையம். குடியானவர்கள் ரொட்டி வெட்டவும் குச்சி சீவவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட கத்தி. குறையே இல்லாத பொருள் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் கோயம்புத்தூர் ஈரத்துக்கு மரம் ஊதி, வாய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் வாய் மெல்ல வெளியே வரும். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கும். வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

அண்ணனின் கத்தி எம்390. ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்து உருக்கு. உலோகத்தைத் தூளாக்கிப் பிறகு இறுக்கிச் செய்வது. ஏறத்தாழ 1.9 சதவீதம் கார்பன், 20 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம். அருமையான உருக்கு. இல்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. நான் சொல்வது ஒன்றுதான், இதற்கு முன்பும் பலமுறை எழுதியிருக்கிறேன்: உருக்கின் பெயர் எதையும் வெட்டாது. சூடேற்றிப் பதம் வைத்த விதம் வெட்டும். வாயின் கனமும் கோணமும் வெட்டும். தீட்டத் தெரிந்த கை வெட்டும். பெயர் வெட்டாது.

அமெரிக்காவின் பக் 110 மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 420எச்சி என்ற மிகச் சாதாரண உருக்கு, கார்பன் அரை சதவீதம்கூட இல்லை. பால் பாஸ் என்பவர் வகுத்த முறையில் அதற்குப் பதம் வைக்கிறார்கள். அந்தப் பதத்துக்காகவே வேட்டைக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். சுவிஸ் ராணுவத்துக்கு 1891இல் கத்தி கொடுக்கத் தொடங்கிய விக்டோரினாக்ஸின் மடக்குக் கத்தி, உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் இன்றும் 56தான். அதை வைத்துக்கொண்டு உலகமே ஆப்பிள் சீவிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்வீடன் மோரா கத்தியையும் சொல்லலாம், ஆனால் அதன் நெகிழிப் பிடியைப் பார்த்தாலே நம் ஆட்களுக்கு முகம் கோணிவிடும்.

இதை நான் எந்தக் காணொளியையும் பார்த்துக் கற்கவில்லை. சின்ன வயதில் அம்மா அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு கொல்லுப் பட்டறைக்கு அனுப்புவார். அந்த ஊர் அரிவாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆசாரி லாரியின் வில் பட்டையை வெட்டித்தான் அரிவாள் அடிப்பார். அந்தப் பட்டைக்கு ஒரு எண் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் தோய்ச்சலுக்கு முன்னால் தட்டியை இழுத்து மூடிப் பட்டறையை இருட்டாக்குவார். வெயிலில் இரும்பின் நிறம் ஏமாற்றும் என்பார். சரியான சிவப்பு வந்ததும் வாயை மட்டும் தண்ணீரில் இறக்குவார். பிறகு முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கி, வைக்கோல் நிறம் ஓடும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த நேரத்தில் நான் ஏதாவது பேசினால் திட்டு விழும். அந்த அரிவாள்மணை இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து பிறை போல ஆகிவிட்டது. அது என்ன ஸ்டீல் அண்ணா?

வேடிக்கை என்னவென்றால், அன்று சிரித்த நால்வரில் இரண்டு பேர் மாதம் ஒருமுறை, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய கொடுமணலைப் பற்றிப் பெருமையாக எழுதுபவர்கள். உலகத்துக்கே உருக்கு செய்யக் கற்றுக்கொடுத்தோம் என்பார்கள். கொடுமணலில் உலைகளும், உருக்கு காய்ச்சும் மண்குடுவைகளான மூசைகளும் கிடைத்தது உண்மை, அதில் எனக்கும் பெருமை உண்டு. அந்த உலையின் முன்னால் உட்கார்ந்திருந்தவரும் மேலே சொன்ன ஆசாரியைப் போன்ற ஒருவர்தான் என்பது மட்டும் இவர்களுக்கு நினைவில் வருவதில்லை.

இப்போது பதில் எழுத விரல் துடிப்பவர்களுக்கு.

பொறாமை என்பீர்கள். இருக்கட்டும். அந்தக் கத்தியின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கொஞ்சம் பொறாமைப்பட எனக்கு உரிமை இல்லையா?

எம்390 நீண்ட நாள் கூர் தாங்கும், அது அறிவியல் என்பீர்கள். தாங்கும். நாள் முழுவதும் அட்டைப்பெட்டி கிழிப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். என் வீட்டில் வெட்டுவது வெங்காயம். வாரம் ஒருமுறை தீட்டுக்கல்லில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என் கத்தி முடியைச் சீவும். மேலும் அந்தக் கூர் ஒருநாள் போகத்தானே வேண்டும்? போன பிறகு என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்குக் கீழே வருகிறேன்.

ஐந்து மலிவுக் கத்தி வாங்கிய பணத்தைச் சேர்த்து ஒரே நல்ல கத்தியாக வாங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள், ஒரு வெங்காயத்துக்கு எதற்கு ஆறு கத்தி என்று. அவளுக்கே பதில் சொல்லவில்லை, உங்களுக்கு எப்படிச் சொல்வேன்.

கத்தி சேர்ப்பவன் ரவுடியா என்பவர்களுக்கு: ஆயுதச் சட்ட விதிகள் கவலைப்படுவது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாயைப் பற்றி. என்னுடையது மூன்றரை அங்குல நீளம்கூட இல்லை. போய் வேறு வேலை பாருங்கள்.

நானும் பெயருக்கு மயங்கியவன்தான், மறைக்கவில்லை. 2019இல் இணையத்தில் டமாஸ்கஸ் என்று ஒரு கத்திக்கு 3,200 ரூபாய் கொடுத்தேன். அலை அலையாக என்ன அழகு! பாத்திரம் தேய்க்கும் நாரில் நான்கு முறை தேய்த்ததும் அலைகள் எல்லாம் கரைந்துவிட்டன. இன்று டமாஸ்கஸ் என்று முறையாகச் செய்வது இரண்டு வகை உருக்கை அடுக்கி ஒட்டவைத்து அடித்து, அமிலத்தில் தோய்த்து எடுப்பது. எவ்வளவு தேய்த்தாலும் அடுக்கு அடுக்காகவே இருக்கும். என்னுடையது மேலே அச்சடித்த படம். அந்தக் கத்தியைத் தூக்கிப் போடவில்லை. தேங்காய் மட்டை கிளறப் பயன்படுகிறது. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாயைப் பார்க்கத் தொடங்கினேன்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். எழுத வேண்டாம் என்று மூன்று நாட்கள் அடக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணனின் எம்390 மழுங்கிவிட்டது. கூர் போகவே போகாத அதே கத்திதான். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் சூட்டில் பதம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் சரியானது. அதனால் என்னிடம் கொண்டுவந்தார். என் சாதாரணக் கல்லில் அது ஏறவே இல்லை. அந்த உருக்கில் இருக்கும் வனேடியம் கார்பைடு துகள்கள் என் கல்லைவிடக் கடினம். அதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அவரிடம் கேட்கவில்லை, எப்படிக் கேட்பது? இரண்டு மாலைகள் உட்கார்ந்து தீட்டி, தோலில் இழுத்து, காகிதம் பிளந்து காட்டிக் கொடுத்தேன். "உன் கைக்கு ஈடில்லை தம்பி" என்றார். வீட்டில் மற்ற கத்திகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று தகட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். வலமிருந்து இரண்டாவது கத்தி. விளக்கொளி வாயில் ஒரே கோடாக ஓடுகிறது அல்லவா, எங்கும் உடையாமல்? அது என் இரண்டு மாலை.

அண்ணா, வைரத் தகடு இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள நான் வரமாட்டேன். சனிக்கிழமைக்குள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். எண்ணெய் போட வேண்டாம், தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.