பவுலின் முள் நீங்கியதா? பரவும் செய்தி தவறு

“பவுல் மூன்று முறை ஜெபித்தார், முள் நீங்கியது. உங்கள் பலவீனம் நீங்கவில்லையென்றால் விசுவாசம் போதாது.” அப்போஸ்தலனாகிய பவுலைப் பற்றி இப்படியொரு செய்தி சபை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இதில் மூன்று முறை வேண்டிக்கொண்டது மட்டும் உண்மை.

பைபிளில் 2 கொரிந்தியர் 12-ஐத் திறந்து பாருங்கள்; கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபம் அது. தன்னை வாட்டிய ஒரு பலவீனத்தைத்தான் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் என்று அங்கே சொல்கிறார். முள் நீங்கியதாக ஒரு வரிகூட இல்லை. கர்த்தரிடமிருந்து கிடைத்த பதில், “என் கிருபை உனக்குப்போதும்.” அதாவது, கேட்டது கிடைக்கவில்லை. கண்நோய் என்றும் வேறு பலவாறும் ஊகிக்கிறார்கள்; அது என்ன முள் என்று பவுலே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், விசுவாசம் போதாது என்ற பேச்சு. இதே நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில், பவுலின் கடிதங்கள்தான் பலமானவை, ஆள் பலவீனம், பேச்சும் அற்பம் என்று கொரிந்துவில் சிலர் அவரை ஒதுக்கியது வருகிறது. அவர் அதை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். தகுதியை நிரூபிக்கச் சொன்னபோது 11-ஆம் அதிகாரத்தில் அவர் நீட்டிய பட்டியலைப் பாருங்கள்: யூதரிடம் ஐந்து முறை ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று கப்பற்சேதம், கடைசியில் தமஸ்கு நகரத்து மதிலிலிருந்து கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பியது. நோய் குணமான சாட்சி எதுவும் அதில் இல்லை.