கறுப்புக் காருக்கும் நாவூறு படும்

(மட்டக்களப்பு, கல்லடி. ஞாயித்துக்கிழம காலம ஆறரை. போட்டிக்கோவுக்குள்ள கறுப்பு ஆக்ஸியோ கார். மாமாட தோள்ல கிழிஞ்ச சாரன் துண்டு ஒண்டு. மருமகன் ரூபன் ரெண்டு வாளி, ஒரு பேக் எல்லாம் தூக்கிட்டு வாறான்.)

மாமா: வா மனே. வாற வெள்ளிக்கிழம ஒன்ட தங்கச்சிக்கு கலியாணம், பொண்ணு மாப்புள இதுலதான் மண்டபத்துக்கு வாற, அதுக்குள்ள ஆரோ காருக்கு ஏதோ செஞ்சிட்டாங்க. வெயிலுக்கு எடுத்தா பொனட் முழுக்க சிலந்தி வலை, நிழலுக்கு எடுத்தா ஒண்டுமில்ல. இது செய்வினதான்.

ரூபன்: மட்டக்களப்பார் மந்திரம் போட்டு பாயோட ஒட்ட வைப்பாங்க எண்டு சொல்றது மனிசர மாமா. காருக்கெல்லாம் ஆர் மெனக்கெட்டு மந்திரிக்கிற?

மாமா: ஏன் மந்திரிக்க மாட்டான்? 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினவன் 2025லதான் திறந்தான், அந்த இடையில இந்தக் கார் ஏறின விலைய பாத்து வயிறு எரியாத ஆள் இந்த ஒழுங்கையில இரிக்கா?

ரூபன்: இஞ்ச வாங்க. போன் டோச்ச அடிக்கிறன், பாருங்க. வெளிச்சத்த சுத்தி வட்டம் தெரியிதா? இப்ப டோச்ச அங்கால கொண்டு போறன்.

மாமா: அம்மாளே! வட்டமும் கூடவே வருது!

ரூபன்: வட்டம் எண்டு ஒண்டும் இல்ல மாமா. பெயின்டுக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் எண்டு ஒண்டு இரிக்கி, அதுல பொடிப்பொடிக் கீறல் எல்லாப் பக்கமும் தாறுமாறா கிடக்கு. வெளிச்சத்துக்கு குறுக்கால கிடக்கிற கீறல் மட்டும் மின்னுது, அதால சுத்திவர வட்டமா தெரியிது. வெள்ளக் காருலயும் இதே கீறல் இரிக்கும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு காட்டிக் குடுத்திடும்.

மாமா: அப்ப கீறினது ஆர்? எனக்கு அந்த முன் வீட்டுப் பூனையிலதான் சந்தேகம்.

ரூபன்: தோள்ல கிடக்கிறது என்ன மாமா?

மாமா: இதா? சாரன் துண்டு. காலமயில எழும்பி தேத்தண்ணி குடிக்க முதல் இதாலதான் ஒரு துடை துடைக்கிற. ஒரு நாளும் விட்டதில்ல. ஒன்ட மாமி கேட்டவ, என்ட முகத்த ஒரு நாளாவது இப்பிடி துடைச்சிரிக்கியளா எண்டு.

ரூபன்: தண்ணி போட்டா?

மாமா: தண்ணி என்னத்துக்கு? தூசிதானே.

ரூபன்: தூசி இல்ல மாமா, மணல். ஆடி மாசம் கச்சான் காத்து அள்ளிக் கொட்டின மணல், அதுக்கு மேல காஞ்ச துணியப் போட்டு நீங்க வட்டம் வட்டமா உரஞ்சிரிக்கியள். நாலு வருசமா காருக்கு அரத்தாள் போட்டிரிக்கியள்.

மாமா: (கொஞ்ச நேரம் சத்தமில்ல) பூனையா இரிக்க ஏலாதா?

ரூபன்: ஏலாது.

மாமா: சரி, விடு. மருந்தும் நான் பாத்து வச்சிட்டன். பல்லுக்குப் போடுற பேஸ்ட்.

ரூபன்: அதுவும் உரைக்கிற சாமான்தான், ஆனா பல்லுக்குச் செஞ்சது. ஒரு இடம் மினுங்கும், பக்கத்து இடம் மங்கும்.

மாமா: தேங்காயெண்ணெய்? போன வெள்ளி பூசினன், அண்டைக்கு கார பாக்கணும் நீ, தலைக்கு எண்ணெ வச்ச பொடியன் மாதிரி நிண்டது, பின்னேரம் காத்தங்குடி வரைக்கும் ஒருக்கா ஓடிட்டு வந்தன், வந்து பாத்தா மீனுக்கு மா பிரட்டின மாதிரி மணல் ஒட்டிக் கிடந்தது, மறுகா அதயும் சாரனாலதான்...

ரூபன்: சொல்லாதீங்க மாமா. கேக்க ஏலாது.

(ரூபன் ஒரு வாளியில ஷம்புத் தண்ணி, மத்ததுல வெறுந்தண்ணி நிரப்புறான்.)

மாமா: ரெண்டு வாளி என்னத்துக்கு? ஒண்டு காருக்கு, ஒண்டு எனக்கா?

ரூபன்: துணிய ஷம்புல தோச்சு கழுவணும், அழுக்க வெறுந்தண்ணில அலசணும், மறுகா ஷம்பு. ஒரே வாளி எண்டா கழுவின மணலயே திரும்ப எடுத்துப் பூசுறியள். மேல இருந்து கீழ வாங்க, டயர் பக்கம் கடைசி.

(கழுவி முடிஞ்சு ரூபன் களி மாதிரி ஒரு கட்டிய எடுக்கிறான்.)

மாமா: இது மோதகத்துக்குக் குழைச்ச மா மாதிரி இரிக்கி.

ரூபன்: கிளே பார். கைய ஷொப்பிங் பேக்குக்குள்ள விட்டு பொனட்ட தடவிப் பாருங்க.

மாமா: சொரசொர எண்டு இரிக்கி! இப்பதானே கழுவின?

ரூபன்: கழுவிப் போகாத ஊத்தை. ஷம்புத் தண்ணி தெளிச்சு தெளிச்சு இத மெதுவா வழுக்க விட்டா பிடுங்கி எடுத்திடும். நீங்க கொஞ்சம் செய்ங்க. அமத்தாதீங்க.

(பொத்தெண்டு ஒரு சத்தம்.)

மாமா: விழுந்திட்டு. இரு, கழுவித் தாறன்.

ரூபன்: கழுவினாலும் மணல் போகாது மாமா, அது உள்ள பதிஞ்சிடும். எறிங்க.

மாமா: எத்தின ரூவா இது?

ரூபன்: கேக்காதீங்க.

(பாதி மிச்சம் ரூபன்ட கையில இரிந்ததால வேல நடந்து முடிஞ்சிது. இப்ப மாமா வீட்டுக்குள்ள போய் எதையோ சேலத்துணியில சுத்தி எடுத்து வாறார்.)

மாமா: கையால தேய்ச்சு ஆகாது மனே. வெல்டிங் கடைக்காரன்ட கிரைண்டர், நுனியில பஞ்சு கட்டிட்டன்.

ரூபன்: வைங்க! வைங்க கீழ! அது நிமிசத்துக்கு பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்துற, ஒரு இடத்துல ரெண்டு செக்கன் நிண்டா பெயின்ட் எரிஞ்சு தகரம் தெரியும். கிளியர் கோட் தலைமயிர விட மெல்லிசு. தேய்க்கத் தேய்க்க குறையிறதுதான், திரும்ப வளராது.

மாமா: என்ட தலை மாதிரி.

ரூபன்: இதுதான் மிசின், டுவல் எக்ஷன். சுத்திக்கிட்டே ஆடும், அதால கெதியில சுடாது. முதல்ல சின்ன இடத்துல பொலிஷ் போட்டுப் பாத்து, காணாட்டித்தான் அதவிடக் கூட உரைக்கிற கொம்பவுண்ட். கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் டேப் ஒட்டணும். வெயில் வர முதல் தொடங்கணும், தகரம் சுட்டா மருந்து காஞ்சு ஒட்டிடும். கதவுல இருந்து தொடங்குவமா?

மாமா: கதவா? முகத்த விட்டிட்டு காதுல ஆரும் பவுடர் போடுவானா? பொனட்ட செய்!

ரூபன்: கதவுப் பிடிக்கு கீழ ஆழமா ஒரு கோடு கிடக்கு மாமா. நகம் வச்சா கொழுவுது. அது பொலிஷுக்குப் போகாது.

மாமா: (மெல்லமா) அது மாமிட வளையல். கதைக்காத.

(ரூபன் பொனட்டுக்கு நடுவுல டேப் ஒட்டி, வலப்பக்கத்துல ரெண்டு அடி சதுரத்துல மிசின ஓட்டுறான். குறுக்கால ஒருக்கா, நெடுக்கால ஒருக்கா, நாலு தரம். துடைச்சு, டேப்ப இழுத்து, டோச் அடிக்கிறான்.)

மாமா: ஆய்! இந்தப் பக்கம் கிணத்துத் தண்ணி மாதிரி கிடக்கு, என்ட மூக்கு தெரியிது. இந்தப் பக்கம் வலை. மனே, மூக்குல மச்சம் எப்ப வந்தது எனக்கு?

ரூபன்: ரெண்டு வருசமா இரிக்கி மாமா.

(பத்து மணி. வெயில் போட்டிக்கோவுக்குள்ள ஏறிட்டு. பொனட் முடிஞ்சு மெழுகும் பூசியாச்சு. ரூபன் சட்டையப் பிழியிறான்.)

மாமா: இப்ப கூரை, மறுகா கதவு நாலு, பின்பக்கம்...

ரூபன்: பொனட்டுக்கே காலம முடிஞ்சிது. நாளைக்கு நான் அம்பாறைக்கு வேலைக்குப் போகணும், மிச்சம் கலியாணத்துக்குப் பிறகுதான்.

மாமா: பறவாயில்ல. மண்டபத்துல முன்பக்கம் கேட்டப் பாக்க நிப்பாட்டுறன், வாறவன் போறவன் எல்லாரும் பொனட்டத்தானே பாப்பான். பின்னால வாறவன ஓவர்டேக் பண்ண விடுறதில்ல.

ரூபன்: மாமா, ஒண்டு கேக்கன். கலியாணக் காருக்கு பூ எங்க கட்டுற?

மாமா: எங்க கட்டுற, பொனட்...

(மாமா பொனட்டப் பாக்கார். ரூபனப் பாக்கார். திரும்ப பொனட்டப் பாக்கார்.)

மாமா: பூக்காரனுக்கு போன் எடு. கூரையில கட்டச் சொல்லு.