பெல்ட்டை எண்ணாதீங்க, ரவுண்டை எண்ணுங்க

குத்துச்சண்டையில் எந்த நாடு கெட்டி என்று பேச்சு வந்தால் ஒருத்தர் அமெரிக்கா என்பார், இன்னொருத்தர் கியூபா என்பார், மூணாமவர் மெக்சிகோ என்று மேசையைத் தட்டுவார். மூணு பேர் சொல்வதும் சரிதான். என்ன, ஆளுக்கொரு சாமானை எண்ணுகிறார்கள்.

ஒலிம்பிக் தங்கம் அமெரிக்காவுக்கு 50, கியூபாவுக்கு 42. இதைப் பார்த்ததும் முடிவு சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவின் 50-இல் 7 தங்கம் 1904 செயின்ட் லூயிஸில் வந்தது. அங்கே ரிங்கில் ஏறின அத்தனை பேரும் அமெரிக்கர்கள்! 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் வந்தது 9. அந்த வருஷம் சோவியத்தும் வரவில்லை, கியூபாவும் வரவில்லை. இந்த 16-ஐக் கழித்தால் மிச்சம் 34. கியூபாவின் 42-உம் 1972 முதல் வந்தவை, அதிலும் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கைத் தவறவிட்டு. சுமார் ஒரு கோடி ஜனத்தொகை உள்ள தீவு அது.

கியூபாக்காரன் ரத்தத்திலேயே குத்துச்சண்டை இருக்கிறது என்று பேசுவது சோம்பேறித்தனம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே தொழில்முறை விளையாட்டையே தடை செய்தார்கள். அதனால் தேறிய ஆள் காசுக்கு ஆடப் போக வழியில்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம் அமெச்சூராகவே ரிங்கில் நிற்பான். கியூபாவின் ஹெவிவெயிட் ஆள் ஸ்டீவன்சன் 1972, 1976, 1980. சவோன் 1992, 1996, 2000. ஆளுக்கு மூணு தங்கம். அமெரிக்கப் பையனோ ஒரு ஒலிம்பிக் முடிந்த கையோடு தொழில்முறைக்குக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவான். ஆக பல தடவை நடந்தது, பழம் தின்று கொட்டை போட்ட ஆளுக்கும் இருபது வயசுப் பையனுக்கும் நடந்த போட்டி. கியூபாவுக்குள்ளேயே மாகாண விளையாட்டுப் பள்ளி, அதற்கு மேல் ஒரு பள்ளி, பிறகு பிளாயா ஹிரோன் தேசியப் போட்டி என்று வடிகட்டி வருகிறார்கள். அந்த தேசியப் போட்டியில் ஜெயிப்பது வெளியே ஜெயிப்பதைவிடக் கஷ்டம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

இப்போது மெக்சிகோ. தொழில்முறை உலக சாம்பியன்களை எண்ணினால் அமெரிக்காவுக்கு அடுத்த இடம். ஒலிம்பிக் தங்கம் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு, இரண்டும் 1968-இல் சொந்த ஊரில். இது எப்படி?

முதல் காரணம் வயசு. மெக்சிகோவின் நட்சத்திரம் கனேலோ 15 வயசில் தொழில்முறைக்கு வந்துவிட்டார். அப்புறம் ஒலிம்பிக் எங்கே? இரண்டாவது காரணம் அடிக்கும் இடம். மெக்சிகோக்காரர்களின் கைவண்ணம் கல்லீரல் அடி. இடது காலை எதிராளியின் வலப்பக்கம் வெளியே வைத்து, முழங்காலை மடக்கி, அவன் வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடது ஹூக்கை, அதாவது கையை வளைத்து விடும் குத்தை, செருக வேண்டும். முழங்கை ஒட்டியே இருந்தால் வேலைக்கு ஆகாது. அதனால் முதலில் தலைக்கு ஒன்று காட்டி அந்தக் கையைத் தூக்க வைப்பார்கள். அடி விழுந்ததும் ஆள் விழ மாட்டான். ஒரு நொடி கழித்துத்தான் முகம் கோணி, கால் மடங்கும். புத்தி தெளிவாக இருக்கும், உடம்புதான் எழாது. பத்து எண்ணி முடிந்துவிடும்.

இந்த அடிக்கு அமெச்சூரில் மரியாதை கம்மி. 1992 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் பொத்தான் கணக்கு: ஐந்து நடுவரில் மூணு பேர் ஒரே நொடிக்குள் அமுக்கினால்தான் பாய்ண்ட். நெருங்கி நின்று விலாவில் விழுவது பாதிப் பேர் கண்ணில் படாது. தள்ளி நின்று முகத்தில் விடும் நேர் குத்து எல்லாருக்கும் தெரியும். அது கியூபா பாணி.

விலா அடி வட்டிக்கு விட்ட காசு மாதிரி, பன்னிரண்டு ரவுண்டு தொழில்முறைப் போட்டியில் எட்டாவது ரவுண்டுக்கு மேல்தான் திரும்பும். மூணே ரவுண்டில் முடிகிற ஒலிம்பிக்கில் அசலே தேறாது. 1990 மார்ச் 17, லாஸ் வேகஸ் போட்டியைப் பாருங்கள். மெல்ட்ரிக் டெய்லர் 1984 ஒலிம்பிக் தங்கம். எதிரில் மெக்சிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸ். இரண்டு நடுவர்களின் கணக்கில் டெய்லர் நன்றாகவே முன்னால் இருந்தார். ஆனால் ஒவ்வொரு ரவுண்டிலும் வாங்கிக்கொண்டே இருந்தார். 12-வது ரவுண்டில் விழுந்து எழுந்தார், 2 விநாடி மிச்சம் இருக்கும்போது ரெஃப்ரி நிறுத்திவிட்டார், வெற்றி சாவேஸுக்கு. அந்த முடிவு நியாயமா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். நிறுத்தினது சரி என்பது என் கட்சி. அதே போட்டி மூணு ரவுண்டில் முடிந்திருந்தால் டெய்லர் கையைத் தூக்கியிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

உலக சாம்பியன்களின் எண்ணிக்கையிலும் ஓட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் எட்டு எடைப் பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரே சாம்பியன். இன்று குறைந்தது 17 பிரிவு, பட்டம் கொடுக்க நாலு பெரிய அமைப்பு. ஒரே நேரத்தில் 68 பெல்ட்டாவது இருக்கும். இடைக்கால சாம்பியன் என்று வேறு ஒட்டுவார்கள். 1950-இல் ஒரு பெல்ட்டும் இன்று ஒரு பெல்ட்டும் ஒரே விலை இல்லை. அதே மாதிரி 1915-இல் ஜாக் ஜான்சன் தோற்றதிலிருந்து 1937-இல் ஜோ லூயிஸ் வரும்வரை எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. அந்த 22 வருஷப் பட்டியலை நான் முழுசாக நம்ப மாட்டேன்.

என் வரிசையைக் கேட்டால், எல்லா எடையிலும், எல்லாக் காலத்திலும் ஆள் கொடுத்த நாடு அமெரிக்கா. ஹெவிவெயிட்டில் பல தலைமுறைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பன்னிரண்டு ரவுண்டுக்கு, வெல்டர்வெயிட்டுக்கு (சுமார் 67 கிலோ) கீழே, மெக்சிகோ. மூணு ரவுண்டுக்கு கியூபா. தலைக்கணக்கில் வகுத்தால் கரீபியன் தீவு போர்ட்டோ ரிக்கோ எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும்: முப்பது லட்சம் சொச்சம் பேர், 17 வயசில் உலக சாம்பியனான பெனிடெஸ், பட்டத்தைக் காப்பாற்றிய 17 போட்டிகளையும் நாக் அவுட்டில் முடித்த வில்ஃபிரெடோ கோமெஸ்.

இந்தப் பட்டியலும் பழசாகிக்கொண்டு வருகிறது. 2022-இல் கியூபா தொழில்முறைக்குக் கதவைத் திறந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதற்கு ஒரே ஒரு தங்கம்தான். அங்கே ஆண்களுக்கான 7 தங்கத்தில் 5 உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அதில் ஒருவர், சூப்பர் ஹெவிவெயிட் ஜலோலோவ். டோக்கியோவிலும் அவருக்குத்தான் தங்கம். பாரிஸுக்கு வரும்போது தொழில்முறையிலும் 14 போட்டி ஆடியிருந்தார், 14-ம் நாக் அவுட்.